தீவுகளின் நிலமும் உயிர்க்குலமும்

(வெள்ளி விழாச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



உத்திரமேரூரில் நின்றுகொண்டு தீவுகளைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நமக்கு ஏரி தெரியும். செய்யாறும் பாலாறும் தெரியும். கடலைக் காண மாமல்லபுரத்துக்கோ கல்பாக்கத்துக்கோ பேருந்து ஏற வேண்டும். ஆயினும் இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் வட்டாரத்துக் கல்லுடைப்புக் குழிகளில் தலைமுறை தலைமுறையாகச் சம்மட்டி பிடித்தவர்களில் நம்மவர் பலர். அங்கே உடைபடும் கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது. உலகில் மரமும் இல்லை, மீனும் இல்லை, புழுவும் இல்லை என்ற காலத்தில் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல் அது. உடைத்தவனுக்குக் கூலி இவ்வளவு என்று சொன்னவர் உண்டு. கல்லின் வயது இவ்வளவு என்று சொன்னவர் இல்லை. நிலவியல் என்பது நமக்கு எட்டாத படிப்பு என்னும் எண்ணம் இன்றும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்த எண்ணத்தைச் சற்றே அசைத்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம்.

நிலத்தின் வரலாறு உயிர்களின் வரலாற்றை எவ்வாறு வகுக்கிறது என்பதைக் காணத் தீவைவிட நல்ல இடம் இல்லை. பெருநிலத்தில் எல்லாம் கலந்து கிடக்கின்றன. எந்த விலங்கு எங்கிருந்து வந்தது, எந்த மலை எதைத் தடுத்தது என்று பிரித்தறிவது கடினம். தீவுக்கோ எல்லை உண்டு, வயது உண்டு. எண்ணிப் பார்க்கக்கூடிய அளவில் அங்கே உயிர்கள் இருக்கின்றன.

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று பள்ளியில் படித்தோம். இந்த விளக்கம் வரைபடத்துக்குப் போதும். உயிர்களைப் புரிந்துகொள்ளப் போதாது. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள பாக்கு நீரிணை ஆழமற்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து போகலாம். யானை போயிற்று, சிறுத்தை போயிற்று, தேவாங்கும் போயிற்று. இலங்கை கண்டத்தின் ஒரு துண்டு. கடல் ஏறியதால் தீவாயிற்று. கடலின் அடித்தரையிலிருந்தே எழும்பி, எந்தக் கண்டத்தையும் ஒருநாளும் தொடாத தீவுகள் வேறு வகை. அவற்றில் முதல் நாளில் ஓர் உயிரும் இல்லை. இன்று அங்கே இருப்பன யாவும் கடல் கடந்து வந்தவை, அல்லது அவ்வாறு வந்தவற்றின் வழித்தோன்றல்கள்.

இந்த இரு வகைகளின் வேறுபாட்டை 1880-இல் வெளியான தம் தீவு வாழ்க்கை பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தவர் ஆல்ஃபிரெட் ரசல் வாலசு. பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டவர் அவர். அண்ணனுடன் நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். பின்னர்ப் பறவைகளையும் வண்டுகளையும் சேகரித்து விற்று, அந்தப் பணத்தில் மலாய்த் தீவுகளில் ஆய்வு செய்தார். அவருடன் இருந்த சரவாக்கு நாட்டு இளைஞன் அலி என்பவன் பறவை பிடிப்பதிலும் பதப்படுத்துவதிலும் கைதேர்ந்தவன். இன்று வாலசின் பெயரால் வழங்கும் ஒரு சொர்க்கப் பறவையை 1858-இல் முதலில் கொண்டுவந்து கொடுத்தவன் அவனே. டார்வினுக்கும் இப்படி ஓர் ஆசான் உண்டு. கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மனிதரான ஜான் எட்மன்ஸ்டன், 1826-இல் எடின்பரோ நகரில் டார்வினுக்குப் பறவைகளைப் பதப்படுத்தும் கலையைக் கற்பித்தார். 1835-இல் கலாபகசுத் தீவுகளில் டார்வின் சேகரித்த சிட்டுகள் கெடாமல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தமைக்கு அந்தக் கல்வியும் ஒரு காரணம். இவை நம் பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. ஆகையால் இங்கே சொல்லி வைக்கிறோம்.

கடலைக் கடப்பது யாருக்கு இயலும்? டார்வின் 87 வகை விதைகளை உப்பு நீரில் 28 நாள் ஊற வைத்துப் பின் விதைத்துப் பார்த்தார். 64 வகைகள் முளைத்தன. இது நம் வீட்டுத் திண்ணையில் செய்யக்கூடிய ஆய்வு. ஒரு பானையும் ஒரு பிடி கல்லுப்பும் போதும். தேங்காய் மிதந்து போகும். ஆலும் அத்தியும் பறவையின் வயிற்றில் போகும். சிலந்திக் குஞ்சு தன் நூலைக் காற்றில் விட்டு அதைப் பிடித்துக்கொண்டு பறக்கும். பல்லியும் எலியும் வெள்ளத்தில் அடித்துவந்த மரத்தின்மேல் தொற்றிக்கொண்டு போகக்கூடும். தவளைக்கு உப்பு நீர் ஆகாது. யானைக்கும் புலிக்கும் அவ்வளவு தொலைவு ஆகாது. எனவே நடுக்கடல் தீவுகளில் வௌவால் இருக்கும், தவளை இராது. இந்தோனேசியாவின் கிராக்கத்தோவா எரிமலை 1883 ஆகஸ்டில் வெடித்து அத்தீவின் உயிர்களையெல்லாம் சுட்டெரித்தது. ஒன்பது மாதம் கழித்து ஆய்வாளர் போய்த் தேடியபோது அவர்கள் கண்ட உயிர் ஒரே ஒரு சிலந்தி. அதன் பின்னர்ப் புல் வந்தது, பெரணி வந்தது, பறவை வந்தது. இன்று அங்கே காடு இருக்கிறது.

இனி நம் வங்கக் கடலுக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து அந்தமானின் தலைநகரை அடையலாம். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த அந்நகர் 2024 முதல் சிறீ விசயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ளது. அந்தமானும் நிக்கோபாரும் சேர்ந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் கொண்டவை. இவை எப்படிப் பிறந்தன?

நெல் நடவுக்கு முன் சேற்று வயலில் பரம்பு ஓட்டுகிறோம். பலகை நகர நகர அதன் முன்னே சேறு திரண்டு குவிகிறது அல்லவா? அதுபோலவே இந்தியப் புவித்தட்டு வடகிழக்காக நகர்ந்து பர்மாவின் தட்டுக்குக் கீழே செருகிக்கொண்டு போகிறது. போகையில் கடலடியின் சேறும் மணலும் பாறையும் வழிக்கப்பட்டு, மேல் தட்டின் விளிம்பில் குவிகின்றன. பல கோடி ஆண்டுக் குவியலின் உச்சிகள் கடலுக்கு மேலே தலைநீட்டியவையே அந்தமான் தீவுகள். பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தொடர்வது இது. வடக்கு அந்தமானின் சேடில் சிகரம் 732 மீட்டர் உயரம். பாராதாங்குத் தீவில் இன்றும் தரையின் வாய் வழியே சேறு குமிழியிட்டு வழிகிறது. ஆழத்தில் நசுங்கும் மண்ணின் மூச்சு அது.

நிலம் இவ்வாறு பிறந்ததால் உயிர்களும் அதற்கேற்ப அமைந்தன. அந்தமானில் புலி இல்லை, சிறுத்தை இல்லை. இயல்பாய் வந்த குரங்கும் இல்லை. காட்டுப் பன்றி, மரநாய், வௌவால், எலி, மூஞ்சூறு ஆகியவற்றோடு பாலூட்டிகளின் கணக்கு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. பறவைகளிலோ அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் கரிச்சான், அந்தமான் பாம்புண்ணிக் கழுகு என்று வேறெங்கும் இல்லாத இனங்கள் பல. தெற்கே 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்து பாகைக் கால்வாயைக் கடந்தால் நிக்கோபார். கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்த காலத்திலும் வற்றாத ஆழம் அக்கால்வாய்க்கு. பனிக்காலத்தில் அந்தமானின் பெருந்தீவுகள் ஒரே நிலமாய் இணைந்திருந்தன; நிக்கோபாருடன் மட்டும் இணையவில்லை. ஆகவே நிக்கோபாரில் நீண்டவால் குரங்கும் மரமூஞ்சூறும் உண்டு, அந்தமானில் இல்லை. அவற்றின் உறவினர் வாழும் சுமத்திரா நிக்கோபாரின் தென்முனைக்கு அருகில் இருக்கிறது. ஒரு நீர்க்கால்வாயின் ஆழத்தை அளந்தால் இரு காடுகளின் விலங்குப் பட்டியலில் பாதியை ஊகித்துவிடலாம் என்பது எத்துணை வியப்பு!

அந்தமானுக்குக் கிழக்கே இரண்டு எரிமலைத் தீவுகள் தனித்து நிற்கின்றன. இவை குவிந்த சேறு அன்று; ஆழத்தில் செருகிய தட்டின் விளைவாய்ப் பாறை உருகி மேலெழுந்து, கடலடியிலிருந்து கட்டிய கோபுரங்கள். ஒன்று பாரன் தீவு; இந்தியாவில் இன்றும் குமுறும் ஒரே எரிமலை. அதன் வெடிப்பு 1787-இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உறக்கத்துக்குப் பின் 1991-இல் மீண்டும் வெடித்தது. 1993 ஏப்ரலில் அங்குச் சென்ற ஆய்வுக் குழு, முன்னர் அத்தீவில் அறியப்பட்டிருந்த 16 பறவை இனங்களில் 6 இனங்களையே கண்டது. அண்மை ஆண்டுகளிலும் அது அவ்வப்போது புகைந்து வருகிறது. வந்து சேரும் உயிர்களை நிலமே திரும்பத் திரும்பத் துடைத்துவிடுவதால், அங்கே தனியினம் உருவாகக் காலம் கூடவில்லை.

மற்றொன்று நார்க்கொண்டம். வடக்கு அந்தமானுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. உயரம் 710 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். அதாவது நம்மில் ஒருவர் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய அளவு, கரை நடப்பதற்கு ஏற்றதாக இருந்தால். இந்த எரிமலை நெடுங்காலமாக அடங்கிக் கிடக்கிறது. அடங்கியதால் மண் உண்டாயிற்று, மண்ணில் காடு உண்டாயிற்று, காட்டில் அத்தி மரங்கள் செழித்தன. அங்கே வாழ்கிறது நார்க்கொண்டம் இருவாட்சி. உலகில் வேறெங்கும் இல்லை. 2019–20-ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வு அதன் தொகையை ஏறத்தாழ 1,000 என மதிப்பிட்டது. நம் ஒன்றியத்தின் ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவே ஓர் இனம் முழுவதும்! ஆயினும் இருக்கும் இடத்தில் நெருக்கமாக வாழ்கின்றன. அவற்றை வேட்டையாடும் பெருவிலங்கு அங்கே இல்லை. இருவாட்சி அத்திப்பழம் தின்று விதையைப் பரப்புகிறது. அந்த விதை மரமாகி இருவாட்சிக்கு உணவாகிறது. இரு எரிமலைகள், ஒரே கடல், ஒரே வகைப் பிறப்பு. ஒன்றில் தனக்கென்று ஒரு பறவை உண்டு, மற்றதில் இல்லை. குமுறல் அடங்கிக் கழிந்த காலமே அவற்றைப் பிரித்தது.

ஒரு பறவை புதிய இனமாக மாறுவது எப்படி? நமக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் ஆண்டுதோறும் கூழைக்கடாவும் நாரையும் வந்து கூடு கட்டுகின்றன. அவை வருகின்றன, போகின்றன, பிற ஏரிப் பறவைகளோடு கலக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் வேடந்தாங்கல் நாரை என்று ஒரு தனியினம் உண்டாகாது. கலப்பு இருக்கும் வரை பிரிவு இல்லை. நார்க்கொண்டத்துக்கு என்றோ வழிதவறி வந்த சில இருவாட்சிகள் திரும்பிப் போகவில்லை. மேலும் பறவைகள் வந்து கலக்கவும் இல்லை. இடையே ஆழ்கடல். பல்லாயிரம் தலைமுறைகள் அவ்வாறு கழிந்த பின்னரே அவை வேறாயின.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. பிறப்பாலேயே மனிதர் வேறு வேறு என்றும், அது இயற்கையின் ஏற்பாடு என்றும் நம் காதுபடப் பேசியவர்கள் உண்டு. இப்போது சிலர் அதற்கு அறிவியல் சாயமும் பூசுகிறார்கள். அத்தகையோரை நார்க்கொண்டத்துக்கு அனுப்பலாம். இனம் பிரிய வேண்டுமானால் ஆழ்கடல் வேண்டும், கலப்பே இல்லாத நெடுங்காலம் வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையே இருந்தது ஒரு வண்டிப்பாதை. 921-ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டு நம் ஊருக்குப் பெருமை. அதை நாமும் பெருமையோடு பிறருக்குக் காட்டுகிறோம். ஆனால் நிலமும் வேதக் கல்வியும் உடையவர் பெயர்களே அந்தக் குடத்தில் விழுந்தன என்பதும் அதே கல்லில் இருக்கிறது. அது மனிதன் வரைந்த கோடு. எந்தப் புவித்தட்டும் அங்கே பிளக்கவில்லை. சாதி என்பது குருதியால் வந்த இனப்பிரிவு அன்று, ஒரே இனத்து மக்களுக்குள் வகுக்கப்பட்ட சமூகப் பிரிவு என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதினார். உயிரியல் அவர் பக்கம் நிற்கிறது.

மீண்டும் கடலுக்குப் போவோம். இந்துமாக் கடல் என்றவுடன் நம் மேடைகளில் இலெமூரியாக் கண்டம் நினைவுக்கு வரும். அந்தப் பெயரைத் தந்தவர் பிலிப் சிலேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார், ஆண்டு 1864. தேவாங்கின் உறவினரான இலெமூர் மடகாசுகரில் மிகுந்திருப்பதும், அவ்வகை விலங்குகள் இந்தியப் பக்கமும் காணப்படுவதும் எப்படி என்னும் கேள்விக்கு, இடையே ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கும் என்று அவர் விடை கூறினார். கேள்வி நல்ல கேள்வி. விடை நிற்கவில்லை, வாலசே தம் 1880 நூலில் அதை மறுத்தார். கண்டங்கள் மூழ்குவதில்லை, நகர்கின்றன என்பது 1960-களில் உறுதிப்பட்டது. நம் முன்னோர் பெருமைக்கு மூழ்கிய கண்டம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று நாம் கருதவில்லை. உண்மையில் நடந்தது அக்கதையினும் பெரிது.

இந்தியா தெற்கே வெகுதொலைவிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து வந்த நிலம். வழியில் பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் பீறிடும் ஓர் இடத்தைக் கடந்தது. அகல் விளக்கின் சுடருக்கு மேலே ஒரு பனையோலையை மெல்ல இழுத்துப் பாருங்கள். சுடர் ஓரிடத்தில்தான் நிற்கிறது. ஓலையிலோ வரிசையாகக் கருகல் விழுகிறது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த முதற்பெருங்கருகல் தக்காணத்தின் கரிய எரிமலைப் பாறைகள். மராட்டியத்தில் பம்பாய் முதல் நாகபுரி வரை பரந்து கிடப்பது அது. அடுத்தவை இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோசு. பின்னர் ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மொரீசியசு. கடைசியில் ரீயூனியன்; அங்கே அந்தச் சுடர் இன்றும் எரிகிறது.

இந்த வரிசையை வயதுப்படி பார்த்தால் ஒரு தீவின் பிறப்பு, வளர்ச்சி, மூப்பு யாவும் கண்முன் வரும். ரீயூனியன் இளமை, 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரம், எரியும் மலை, ஆழ்ந்த பள்ளத்தாக்குகள். மொரீசியசு நடுவயது, மழையும் காற்றும் தேய்த்து அதன் உச்சி 828 மீட்டராகக் குறைந்துவிட்டது. இலட்சத்தீவு முதுமையும் கடந்த நிலை. எரிமலை தேய்ந்து, குளிர்ந்து, தாழ்ந்து, கடலுக்குள் போயிற்று. மலை தாழத் தாழ அதன் விளிம்பில் பவளப்பூச்சிகள் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தன. மலை மறைந்தது, பவள வளையம் மட்டும் நீர்மட்டத்தில் நின்றது. பவளத்தீவு இவ்வாறே உண்டாகிறது என்று டார்வின் 1842-இலேயே எழுதினார். இலட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழும் தீவுகள் பத்து. தரை கடலுக்குச் சில மீட்டர்களே மேல். மலையில்லை, ஆறில்லை, பள்ளத்தாக்கில்லை. ஆகவே ஒரு காட்டை மற்றொரு காட்டினின்று பிரிக்கும் வேலியும் இல்லை. தனக்கே உரிய நிலப்பறவை அங்கே ஒன்றுகூட இல்லை. செல்வமெல்லாம் நீருக்குள் இருக்கிறது. பவளப்பாறையும் அதனூடே மீன்களும். அந்தப் பவளமும் கடல் சூடேறிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளுத்துப் பெருமளவு மடிந்தது.

தீவின் பரப்பும் கண்டத்திலிருந்து அதன் தொலைவுமே உயிரினங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் என்று 1967-இல் மெக்கார்தரும் வில்சனும் ஒரு கோட்பாட்டை வகுத்தனர். அதனோடு தீவின் வயதையும் சேர்க்க வேண்டும் என்று விட்டேக்கரும் உடனாய்வாளரும் 2008-இல் எடுத்துக்காட்டினர். இளந்தீவில் இடம் உண்டு, வந்து சேர்ந்தோர் குறைவு. நடுவயதில் மலையும் பள்ளத்தாக்கும் வெட்டுண்டு ஈரப்பக்கம், வறண்ட பக்கம், உச்சி, அடிவாரம் என்று பல வீடுகள் உண்டாகின்றன. அப்போதுதான் புதிய இனங்கள் மிகுதியாய்ப் பிரிகின்றன. மூப்பில் வீடுகள் ஒவ்வொன்றாய் மூழ்குகின்றன. பசிபிக் கடலின் அவாய்த் தீவுகளும் இவ்வரிசையில் வந்தவையே. அங்கு இயல்பாய் வளரும் பூக்குந் தாவரங்களில் பத்தில் ஒன்பது உலகில் வேறெங்கும் இல்லாதவை.

மொரீசியசு நமக்கு அயல்நாடு அன்று. 1834 முதல் ஏறத்தாழ நான்கரை இலட்சம் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையிலிருந்து கப்பல் ஏறியவர் பலர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட குடிகளில் பிறந்தவர் மிகுதி. கடல் தாண்டினால் தீட்டு என்று உயர்ந்தோர் எனப்பட்டவர் வீட்டுக்குள் இருந்த காலத்தில், பசி நம்மவரைக் கடல் தாண்ட வைத்தது. அந்நாட்டுப் பணத்தாளில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. நம்மவர் போய்ச் சேருமுன்பே அத்தீவு தன் புகழ்பெற்ற பறவையை இழந்துவிட்டது. டோடோ என்பது புறாக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொல்லும் விலங்கில்லாத தீவில் பறத்தலை மறந்து, வான்கோழியினும் பெரிதாய் வளர்ந்தது. 1598-இல் டச்சுக்காரர் வந்தனர். பன்றியும் எலியும் குரங்கும் கப்பலில் வந்து முட்டைகளைத் தின்றன. 1662-க்குப் பின் டோடோவைக் கண்டதாக உறுதியான சான்று இல்லை. அப்பறவை ஏமாளி என்று ஐரோப்பியர் எழுதி வைத்தனர். அச்சமே தேவைப்படாத நிலத்தில் வளர்ந்ததற்கு ஏமாளித்தனம் என்று பெயரிடுவது நேர்மையாகாது. உயிருடன் இருக்கும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? நம் நிக்கோபார் புறா. 2002-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதைக் காட்டியது.

அந்த நிக்கோபாரிலும் நம் மக்கள் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. 2004 டிசம்பர் 26-இல் வந்த பேரலை அத்தீவைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. நம் கடற்கரையிலும் அன்று மாண்டவரை நாம் மறக்கவில்லை. அலையை மட்டுமே நாம் கண்டோம். நிலமும் அன்று அசைந்தது. செருகிக்கொண்டிருந்த தட்டு ஒரே உலுக்கில் வழுக்கியதால் வடக்கு அந்தமானின் கரை ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்து, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போயிற்று. அந்தக் கரைகளில் ஒரு வகைக் காட்டுக்கோழி வாழ்கிறது, மெகாபோடு என்பர். மணலும் சருகும் கூட்டி மேடு கட்டி, அதற்குள் முட்டையிட்டு, சருகு மக்கும் சூட்டிலேயே பொரிக்க வைக்கும். கரை மூழ்கியதால் மேடுகள் போயின. அக்கோழிகளின் தொகை பாதிக்கும் மேல் குறைந்தது. நிலமே ஆக்கியது, நிலமே அழித்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்லக்கூடியவையும் உண்டு. ஆங்கிலேயர் அந்தமானில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், தின்பார் யாருமின்றிப் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து காட்டின் அடித்தளத்தையே வெறுமையாக்கி வருகிறது. இப்போது பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் ஆகியவை அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்காக ஒதுக்கப்படுகிறது. நாட்டின் பாதுகாப்புக்கும் வாணிகத்துக்கும் தேவை என்பது அரசின் வாதம். அவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அந்தக் காட்டில் சோம்பன் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். நிக்கோபாரிய மக்களோ 2004-இல் விட்டுவந்த தம் பழைய ஊர்களுக்குத் திரும்ப விரும்புகின்றனர். நிலத்திலிருந்து அகற்றப்படுவது என்ன என்பதை நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டப்படும் காட்டுக்கு ஈடாக அரியானாவில் மரம் நடும் ஏற்பாடும் பேசப்பட்டது. இதுவரை சொன்னதைக் கேட்டவர்கள் அந்த ஈட்டின் மதிப்பைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

துறைமுகத்துக்குக் குறித்துள்ள இடம் கலத்தியா விரிகுடா. கடலாமைகளுள் மிகப் பெரியதான தோல்முதுகு ஆமை ஆண்டின் முடிவிலும் தொடக்கத்திலும் அந்த மணலில் ஏறி முட்டையிடுகிறது. அங்கிருந்த வனவிலங்குச் சரணாலயம் 2021 சனவரியில் நீக்கப்பட்டது. 2004-இல் அந்தக் கரை முழுவதும் கடலுக்குள் போயிருந்தது. ஆண்டுக்காண்டு அலைகள் மணலைக் கொண்டுவந்து மீண்டும் கரை அமைத்தன. ஆமைகளும் மீண்டும் வந்தன.

கடலின் ஆழம் காட்டும் வரைபடமும், நம் கல்லுடைப்புக் குழியிலிருந்து எடுத்துவந்த கருங்கல் துண்டும் முன்மேசையில் உள்ளன. மாணவர்கள் அருகே வந்து பார்க்கலாம். கேட்க விரும்புவோர் கேட்கலாம்.